வறண்ட சரிவில் காசித்தும்பை

ஏப்ரல் 7

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நாங்கள் இரண்டரைப் பேரும் சுகம். அப்படித்தான் எழுதவேண்டும் என்று உன் மனைவி பக்கத்தில் நின்று சொல்கிறாள். நீ அந்த எஞ்சின் ரூமில் வெந்து போகாமல் இருக்கிறாயா?

வாயாடி நல்லபடியாக வந்து சேர்ந்தாள். நான் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்வதில்லை. பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பக்கத்து சீட்டுக்காரியின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். வாந்தி நின்றுவிட்டது. நான் டிஸ்பென்சரிக்குக் கிளம்பியதும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அவர் மில் லாரி டிரைவரின் மனைவி. நாளுக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம். இவர்களுக்குள் எப்படி ஒத்துப்போகிறதோ!

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மலைக்குப் போனேன். ஏழு வருஷமாக வா வா என்று கூப்பிட்டும் நீ எட்டிப் பார்க்காத இடம் என்பதால் மறுபடியும் சொல்கிறேன். நடுவே ஓடை. இந்தப் பக்கம் மர மில், டிஸ்பென்சரி, மில் ஆட்களின் வீடுகள் இரண்டு வரிசை. வீடுகளின் முதுகிலிருந்தே சரிவு ஏறத் தொடங்கிவிடும். நான் வேலைக்கு வந்த புதிதில் அந்தச் சரிவு மரங்களை மில்லுக்கென்று வெட்டினார்கள். இப்போது புல்லும் அடிக்கட்டைகளும்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் பாறை மேடு, அதன்மேல் பழைய மரக்கிடங்கு.

சரிவோரம் இருக்கும் மண்திட்டில் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டிக்கொண்டிருந்தன. பச்சை உடம்பு, வாலில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் குருவி. ஒன்று தோண்டுகிறது, மற்றது வெளியே நின்று மேற்பார்வை பார்க்கிறது. எங்கள் மில் மேனேஜர் ஞாபகம் வந்தது.

இன்னொரு அதிசயம். அந்த வறண்ட சரிவின் நடுவே காசித்தும்பை பூத்திருக்கிறது! ஓடைக்கரையில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிற பூ அது. தண்ணீர் இல்லையென்றால் அரை நாளில் துவண்டுவிடும். இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு செடிகூட நான் பார்த்ததில்லை. இப்போது சரிவுக்குக் குறுக்கே, ரோஜா நிறத்தில் கோடு போட்டதுபோல் வரிசையாக நிற்கின்றன. வாயாடி பின்வாசலில் நின்றே பார்த்துவிட்டு, “அண்ணி, மலைக்கு பார்டர் வச்சுத் தைச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு. மற்றவை அடுத்த ஞாயிறு நடந்த பிறகு.

உன் அக்கா

ஏப்ரல் 30

என் அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கருத்திருக்கிறேன், அவ்வளவுதான். நீ எப்படி? முழங்கால் வலி?

உன் கடிதம் துறைமுகத்தில் கிடைத்தது. இங்கே எனக்கு வாசகர்கள் சேர்ந்துவிட்டார்கள். கப்பல் சமையல்காரர் தினமும், “உங்கக்கா குருவி குஞ்சு பொரிச்சுதாப்பா?” என்று கேட்கிறார். அந்த மனிதர் இருபது வருஷமாகக் கடற்காக்கையைத் தவிர வேறு பறவை பார்த்ததில்லை. அதனால் தாராளமாக எழுது. மேனேஜர் குருவியைப் பற்றி நிறைய எழுது.

வாயாடியை மலைமேல் கூட்டிக்கொண்டு போய்விடாதே. “ஒரு எட்டுத்தானே” என்பாள், நம்பாதே. ஒப்பந்தம் முடிய நவம்பர் ஆகிவிடும். பிரசவத்துக்கு நான் இருக்க மாட்டேன் என்பதை நினைத்தால் வேலையே ஓடவில்லை. ஆனால் நர்ஸ் அக்காவே பக்கத்தில் இருக்கும்போது எனக்கு என்ன கவலை?

அவளுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். பிரித்துப் படிக்காதே.

தம்பி

மே 19

தம்பிக்கு அன்புடன் அக்கா.

உன் கடிதம் கிடைத்தது. அவளுடையதை நான் பிரிக்கவில்லை. அவளே சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டாள், பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தினாள். குழந்தை நன்றாக அசைகிறது. நாடி, இரத்த அழுத்தம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் சமையல்காரரிடம் சொல், பஞ்சுருட்டான்கள் போய்விட்டன. வளைகளின் வாய் நசுங்கினதுபோல் சுருங்கியிருக்கிறது. முட்டையிடும் நேரத்தில் இடத்தை விட்டுப் போகிற பறவை இல்லை அது. ஏதோ காரணம் இருக்கும்.

வெயில் இந்த மாதம் இதமாக இருக்கிறது. காலையில் கொஞ்சம் மூடுபனி, பத்து மணிக்கு விலகிவிடும். பிறகு சாயங்காலம்வரை பளிச்சென்று வெயில். துணி ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது. காற்றும் நல்ல காற்று.

ஒன்று கேட்கவேண்டும். டவுனில் வாயாடியின் அக்கா வீடு இருக்கிறதே, அங்கே அவளை இப்போதே அனுப்பி வைத்தால் என்ன? பெரிய ஆஸ்பத்திரியும் பக்கம். நான் சொல்லிப் பார்த்தேன். “மாடிப்படி ஏறணும், அத்தான் எப்பப் பாரு முறைச்சுக்கிட்டே இருப்பார், நான் போகமாட்டேன் அண்ணி” என்கிறாள். நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள்.

காசித்தும்பை பற்றி எழுதலாம் என்றிருந்தேன். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 11

அக்கா,

நான் சுகம். நீ சுகமா என்பதுதான் தெரியவில்லை.

உனக்கும் அவளுக்கும் ஏதாவது மனத்தாங்கலா? அவள் பேசிப் பேசி உன் தலையைத் தின்றிருந்தால் சொல்லிவிடு. அப்படி இருக்காது என்றும் தோன்றுகிறது. அவள் எனக்கு எழுதிய கடிதத்தில் அண்ணி அண்ணி என்று உருகியிருக்கிறாள். அதிலேயே ஒரு வரி: “அண்ணி இப்ப வாரநாள்லயும் மலைக்குப் போறாங்க, வந்ததும் கை மண்ணைக் கழுவுறாங்க, கேட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க.”

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் சின்ன வயதில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஹாஸ்டலில் இருந்த எனக்கு நீ இரண்டு பக்கம் எழுதினாய். அதில் ஒன்றரைப் பக்கம் வெயிலைப் பற்றி. இப்போதும் வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

என்ன நடக்கிறது? பறவைக்கு ஏதோ காரணம் இருக்கும் என்றாயே, அது என்ன காரணம்? நடுக்கடலில் இருப்பவனிடம் எதற்குச் சொல்வது என்று நினைக்காதே. தெரியாமல் இருப்பது இங்கே இன்னும் மோசம்.

தம்பி

ஜூலை 1

என் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதைப் படித்ததும் நீ பயப்படுவாய். நானும் பயந்துபோய்த்தான் இருக்கிறேன்.

காசித்தும்பை எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்க மே மாதம் ஒரு நாள் அந்த வரிசைக்கே ஏறிப் போனேன். செடிகளை விலக்கினால் அடியில் மண் பிளந்திருந்தது. கையை விட்டேன். முழங்கைவரை போனது. உள்ளே சில்லென்று ஈரம். சரிவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, புருவம்போல் வளைந்து போகிறது. அந்த வளைவுக்கு நேர் கீழேதான் நம் வீடுகள்.

பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அதையே சொன்னது. அடிக்கட்டைகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. பஞ்சுருட்டான் வளையை நசுக்கியது உள்ளே நகர்கிற மண். ஏழு வருஷம் அந்தச் சரிவில் பூவைப் பார்த்தேன், குருவியைப் பார்த்தேன். தரையைப் பார்க்கத் தோன்றவில்லை.

வெடிப்பு இன்னும் அகலமாகிறதா என்று பார்க்க, டிஸ்பென்சரியிலிருந்து மாவுக்கட்டுத் துணி எடுத்துப்போய், அது பாறையைக் கடக்கும் இடத்தில் குறுக்கே ஒட்டினேன், உடைந்த காலுக்குப் போடுவதுபோல. அடுத்த வாரம் கட்டு இரண்டாக விண்டிருந்தது. மறுபடி போட்டேன். அதுவும் விண்டது.

மேனேஜரிடம் சொன்னேன். “நர்ஸம்மா, மலைன்னா வெடிப்பு இருக்கத்தான் செய்யும். நம்ம குதிகால்ல இல்லையா?” என்று சிரித்தார். விடாமல் நச்சரித்ததில் ஒரு பொறியாளரை வரவழைத்தார். பாவம், நல்ல மனிதர். என்னோடு மேலே ஏறி, வெடிப்பு நெடுக நடந்து பார்த்தார். நடக்க நடக்கப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

“விழும்னு எழுதிக் கொடுக்கச் சொன்னா என்னால முடியாதும்மா. விழாதுன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் முடியாது.”

“உங்க வீடு கீழ இருந்தா என்ன செய்வீங்க?”

அவர் கீழே கூரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கு இங்க வீடு இல்லையே” என்றார். இறங்கி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியேறிவிட்டார்.

வாயாடியிடம் இன்னும் சொல்லவில்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டது. கூரையில் தூறல் விழுந்தால் அவள் தூங்குகிறாள், நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா

ஜூலை 20

அக்கா,

நலம் விசாரிக்கவெல்லாம் இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷமே அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. வரமாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு போ. துணிமணி, பாத்திரம் எதுவும் வேண்டாம். அவளுக்கும் உள்ளே எழுதி வைத்திருக்கிறேன். அத்தான் முறைத்தால் முறைக்கட்டும்.

கேப்டனிடம் கேட்டேன். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட முடியாது, மாற்று ஆள் இல்லை என்கிறார். நான் கத்தினேன். சமையல்காரர்தான் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்.

நீயும் கிளம்பு. டிஸ்பென்சரியை விட்டு எப்படி வருவது என்று எழுதாதே. உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன். எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் என்னால் எதையும் யோசிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் நீ எழுதின அந்தப் புருவம்தான் தெரிகிறது.

போய்ச் சேர்ந்ததும் தந்தி மாதிரி ஒரு வரி போதும்.

தம்பி

ஆகஸ்ட் 8

என் அன்புள்ள உங்களுக்கு,

நானும் உங்கள் பிள்ளையும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா? சாப்பிடுகிறீர்களா, இல்லை கோபத்தில் பட்டினியா?

அண்ணி எழுத உட்கார்ந்தால் பேனாவைப் பிடித்தபடியே இருக்கிறார்கள். அதனால் நான் எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது என்பதில் உங்கள் இரண்டு பேர்மேலும் கோபம். அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் டவுனுக்குப் போகவில்லை. திட்டாதீர்கள். அண்ணி என்னை பஸ் ஏற்ற வந்தார்கள். “நீங்களும் ஏறுங்க, ஏறினா நானும் ஏறுறேன்” என்றேன். “இத்தனை பேரை விட்டுட்டு நான் எப்படிடி வருவேன்?” என்றார்கள். அப்படியானால் நானும் வரவில்லை என்று இறங்கிவிட்டேன். நடுரோட்டில் இரண்டு பேரும் அழுதோம். கண்டக்டர் பயந்து விசில் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பதிலாக ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கும் மரக்கிடங்குக்குக் குடிவந்துவிட்டோம். அது கெட்டிப் பாறை, அங்கே ஒன்றும் ஆகாது என்று பொறியாளர் சொல்லியிருக்கிறாராம். அண்ணி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார்கள். முதலில் கிளம்பியது தையல்காரம்மாதான். ஒரு கேள்வி கேட்கவில்லை. மெஷினை டிரைவர் தலையில் ஏற்றிவிட்டு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் வந்ததைப் பார்த்துப் பாதி வீடுகள் வந்தன.

பிறகு பெய்தது பாருங்கள் ஒரு மழை. மூன்று நாள் விடாமல். எல்லோரும் கிடங்கு வாசலில் நின்று எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தைகள்கூட விளையாடவில்லை. ஒன்றும் விழவில்லை. மழை விட்டது, வெயில் வந்தது, ஆட்களுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. “நர்ஸம்மா மலைக்கே ஊசி போட்டு நிறுத்திட்டாங்க” என்று ஒருவர். “குருவி சொல்லிச்சாம், இவங்க கேட்டாங்களாம்” என்று இன்னொருவர். ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிட்டது.

அண்ணி தினமும் காலையில் போய் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எனக்கு மலையைப் பார்த்தால் பயமில்லை. இறங்கி வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் வாயாடி

ஆகஸ்ட் 24

அன்புத் தம்பி,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

இரண்டு வாரமாக நல்ல வெயில். சிரிக்காதே, இந்த முறை நிஜமாகவே வெயில். கடைசியாகப் போட்ட மாவுக்கட்டு இன்னும் விண்டுபோகவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன், மயிரிழைகூட இல்லை. மண் அமர்ந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றும் நடக்காததற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். அதோடு சேர்ந்து வெட்கமும் வருகிறது. இத்தனை பேரைக் கிளப்பி, குழந்தைகளைத் தரையில் படுக்கவைத்து, கடலில் இருக்கிற உன் தூக்கத்தையும் கெடுத்துவிட்டேன். வாயாடிக்கு இடுப்பு வலி, கால் வீங்கியிருக்கிறது. இந்த நிலையில் அவளுக்குக் கட்டில் வேண்டும்.

எங்களோடு கடைசிவரை இருந்தது தையல்காரம்மா குடும்பம் மட்டும்தான். நேற்று அவர் என்னிடம் வந்து நின்றார். கேட்காமலே என்ன கேட்கிறார் என்று தெரிந்தது. “போகலாம், ஒண்ணுமில்ல” என்றேன். நேற்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் திங்கட்கிழமை காலையில் போகிறோம்.

வெகுநாளைக்குப் பிறகு இன்று பயமில்லாமல் நடந்தேன். பாறை மேட்டில் தரையோடு ஒட்டி வெள்ளைப் பூ ஒன்று பூத்திருக்கிறது, பூவுக்கு நடுவே தேன் நிறத்தில் ஒரு புள்ளி. பக்கத்தில் வாலாட்டிக் குருவி ஒன்று தத்தித் தத்தி ஓடியது. இரண்டையும் உன் சமையல்காரருக்கு அனுப்பி வைத்ததாகச் சொல்.

அக்கா

செப்டம்பர் 3

அக்கா,

வயர்லெஸ் அறையில் இருப்பவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மலைச்சரிவு ஒன்று மர மில் குடியிருப்பின்மேல் இறங்கிவிட்டது என்று செய்தி வந்ததாம். திங்கட்கிழமை காலை என்றார். ஆட்கள் பெயர் எதுவும் இல்லை.

மலையில் மர மில் எத்தனையோ இருக்கும். இருக்கும்தானே?

கரை இறங்கியதும் போன் போட்டேன். மில் நம்பருக்கு மணியே அடிக்கவில்லை. லைன் இல்லை என்கிறாள் எக்ஸ்சேஞ்ச் பெண். வாயாடியின் அக்கா வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

நீங்கள் கிடங்கில்தான் இருக்கிறீர்கள். அது பாறை. அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். கிடங்கில்தான் இருக்கிறீர்கள்.

ஒரு வரி எழுது அக்கா.

தம்பி

செப்டம்பர் 12

அக்கா,

இன்றைக்கு உன் கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கப்பல் ஏஜென்ட் ஆபீஸிலேயே உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். உயிரோடு இருக்கிறீர்கள் என்று. பிறகுதான் தேதியைப் பார்த்தேன். ஆகஸ்ட் 24.

திங்கட்கிழமை காலையில் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய்.

இதை யாருக்கு எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. இந்தக் கடிதத்தைப் பிரிக்கிறவர் தபால்காரராக இருந்தாலும் சரி, போலீஸ்காரராக இருந்தாலும் சரி, தயவுசெய்து எழுதுங்கள். ஒரு பெண் ஐம்பது வயது, நர்ஸ், நரைத்த முடி. இன்னொரு பெண் நிறைமாதம், நிறையப் பேசுவாள்.

செப்டம்பர் 6

தம்பி,

உயிரோடு இருக்கிறோம். வாயாடிக்கு ஒரு கீறலும் இல்லை. குழந்தை அசைகிறது, என் கையாலேயே தொட்டுப் பார்த்தேன். பாதை உடைந்துகிடக்கிறது. நடந்து போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எப்போது உன்னிடம் வந்து சேருமோ?

திங்கட்கிழமை காலை. வாயாடியைக் கிடங்கிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் படுக்கைகளைக் கொண்டுபோய்ப் போட்டு வரலாம் என்று நான் மட்டும் இறங்கினேன். ஓடைப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அப்போது ஒரு குருவிக் குரல் கேட்டது. சன்னமான குரல், ஊசியால் கண்ணாடியைக் கீறுவதுபோல். ஓடைக்கரைப் புதரில் இருக்கிற சின்ன ஈப்பிடிப்பான் அது. வாய் அசைவதைப் பார்த்திருக்கிறேனே தவிர, பாலத்தில் நின்று ஒருநாளும் அதன் குரலைக் கேட்டதில்லை. எவ்வளவு இனிமை என்று நின்று ரசித்தேன் தம்பி. அந்த நேரத்தில் ரசித்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் உறைத்தது. குருவிச் சத்தம் கேட்கிறதென்றால் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். ஓடை நின்றுபோயிருந்தது. கல்லுக்கு நடுவே சேறும், துள்ளுகிற மீனும்தான். மேலே எங்கேயோ மண் வந்து அடைத்திருக்கிறது.

படுக்கையைப் பாலத்திலேயே போட்டுவிட்டு மில்லுக்கு ஓடினேன். சங்கு ஊதுகிற கைப்பிடியை வாட்ச்மேன் மறித்தார். “மேனேஜர் வராம தொடக்கூடாதும்மா!” அவரைத் தள்ளிவிட்டு இழுத்தேன். என்னவோ ஏதோ என்று வீடுகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். “ஓடுங்க, பாலத்துக்கு ஓடுங்க!” என்று கத்தினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சரிவு மொத்தமும் ஒரு துணியை உருவுவதுபோல் இறங்கியது. அடிக்கட்டைகள் நின்றவாக்கிலேயே வந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

பின் வரிசையில் பாதி வீடுகள் இல்லை. நம் வீடு இல்லை. ஆட்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. தையல்காரம்மா வாசல்வரை வந்திருக்கிறார். பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வாசல்படியில் நின்றவர் திரும்ப உள்ளே போயிருக்கிறார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. டிரைவர் லாரியோடு வெளியூரில் இருந்தார்.

நான் கண்ணில் வைத்துக் காத்தது ஒரு வெடிப்பை மட்டும்தான். வீடுகளுக்குச் சற்று மேலே, புல்லுக்குள் மறைந்து இன்னொன்று இருந்திருக்கிறது. மாதக்கணக்கில் நான் சொன்னது சரியாக இருந்தது. தையல்காரம்மா வந்து கேட்ட அன்றைக்கு மட்டும் தப்பாகிவிட்டது.

அக்கா

நவம்பர் 5

தம்பிக்கு ஆசிகள்.

நலம். உன் கடிதங்கள் மொத்தமாகக் கட்டுக்கட்டாக வந்தன. செப்டம்பர் 12-ம் தேதிக் கடிதத்தை வாயாடி படித்துவிட்டு, “நிறையப் பேசுவாள்னு போலீஸ்காரருக்கு எழுதியிருக்காரே!” என்று சிரித்தாள். பிறகு அழுதாள். இப்போது அவளும் உன் மகளும் டவுனில் சுகமாக இருக்கிறார்கள். மகளின் குரலும் அம்மா மாதிரிதான், மூன்று மாடிக்குக் கேட்கிறது. அத்தான் முறைப்பதை நிறுத்திவிட்டாராம். தொட்டில் ஆட்டுகிறாராம்.

என்னையும் அங்கே வந்துவிடச் சொல்கிறாய். வருவேன். இப்போது முடியாது. எங்களை வேறொரு சரிவின் அடியில் குடிவைத்திருக்கிறார்கள். பொறியாளர் வந்து பார்த்து, பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் காகிதத்தை யாரும் நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மலையிலிருந்து இறங்கும்போது பாதை முடிகிற இடத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் நிற்கிறார்கள். என் வாயைப் பார்க்கிறார்கள். “எப்படிம்மா இருக்கு மேல?”

ஒன்றுமில்லை என்ற வார்த்தை மட்டும் எனக்கு வரமாட்டேன் என்கிறது. அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். இந்தப் பாறையடியில் இந்தப் பூ, இந்த மரத்தில் இந்தக் குருவி, இந்த இடத்தில் மண் காய்ந்திருக்கிறது, இந்த இடத்தில் ஈரம். தெரிந்தது இவ்வளவுதான் என்கிறேன். கேட்டுவிட்டுப் போகிறார்கள். முன்னெல்லாம் பூவைப் பார்த்தால் பூ தெரியும். இப்போது அதன் வேர்தான் தெரிகிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ என்று.

தையல்காரம்மா போன பிறகு டிரைவர் என்னிடம் பேசியதே இல்லை. டிஸ்பென்சரிக்கும் வரவில்லை. எதிரே வந்தால் நான்தான் ஒதுங்கிப் போவேன். போன ஞாயிறு நான் ஏறும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர்தான். நான் நின்றால் அவரும் நின்றார். மனம் என்னென்னவோ நினைத்தது. அந்த இடத்தில் எங்களைத் தவிர யாருமில்லை.

ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அவர் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சொன்னார்:

“அன்னிக்கு வீட்டுக்குத் திரும்பும்போது நான் அவகிட்ட கேட்டேன். இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமாடின்னு. நர்ஸம்மா சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்னன்னு சொன்னா.”

அதை ஆறுதலாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எழுந்து நடந்தேன். அவரும் கூடவே வந்தார். ஈரமான இடம் ஒன்று வந்ததும் நான் சொல்வதற்கு முன்பே குனிந்து, மண்ணை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியலப்பா” என்றேன்.

“சரி. நாளைக்கும் வந்து பார்ப்போம்” என்றார்.

கப்பல் கரை சேர்ந்ததும் நேராக டவுனுக்குப் போய் மகளைத் தூக்கிக்கொள். என்னைப் பார்க்க வருவதற்கு அவசரம் வேண்டாம்.

அக்கா